கடலுக்கு அமிலம், கார்ப்பரேட்டுகளுக்குச் சுண்ணாம்பு

2024 நவம்பர் 28 அன்று ஒன்றிய சுரங்க அமைச்சகம் இந்தியக் கடலின் 13 பகுதிகளை ஏலத்திற்கு அறிவித்தது. கடலடிக் கனிமங்கள் இந்நாட்டில் ஏலச் சந்தைக்குக் கொண்டுவரப்பட்டது அதுவே முதல் முறை. கேரளத்தின் கொல்லம் கடலில் கட்டுமான மணலுக்காக 3 பகுதிகள். கிரேட் நிக்கோபார் தீவுக்கு அப்பால் பல்உலோக முடிச்சுகளுக்காகவும் படிவுகளுக்காகவும் 7 பகுதிகள். குஜராத் கடலில் சுண்ணாம்புச் சேற்றுக்காக 3 பகுதிகள். கொல்லத்தின் மீனவர்கள் கொதித்தெழுந்ததால் மணல் பற்றி நாடு பேசியது. நிக்கோபார் பற்றிச் சூழலியல் அறிஞர்கள் பேசினர். குஜராத்தின் சுண்ணாம்புச் சேறு மட்டும் அதிகம் பேசப்படவில்லை. சேறுதானே என்று பலரும் கடந்து சென்றனர்.

ஆனால் உலகக் கடல்களுக்கு இன்று நேர்ந்துகொண்டிருக்கும் பேராபத்தையும், அந்த ஆபத்தின் நடுவிலும் லாபத்தையே தேடும் மூலதனத்தின் இயல்பையும் அந்தச் சேற்றைப் போல் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை. கடல் அமிலமாகிக்கொண்டிருக்கிறது. அமிலம் முதலில் தின்பது சுண்ணாம்பை. கடலுக்குச் சுண்ணாம்பு மிகவும் தேவைப்படும் இக்காலத்தில், கடலின் சுண்ணாம்பையே தோண்டி விற்பதற்கு ஓர் அரசு கடை விரித்திருக்கிறது.

கடல்நீரில் நிகழ்வது என்ன?

நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரிவாயுவையும் எரிப்பதன் மூலமும், சிமெண்ட் உற்பத்தியின் மூலமும் உலகம் ஆண்டுதோறும் 3,700 கோடி டன் அளவிலான கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. மனிதச் செயல்பாடுகளால் வெளிப்படும் இவ்வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அதாவது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன். இந்தச் சுமையைக் கடல் ஏற்காதிருந்தால் புவி இன்றிருப்பதைவிடக் கடுமையாகச் சூடேறியிருக்கும். ஆகவே பல ஆண்டுகளாக இது கடலின் கொடை என்றே போற்றப்பட்டது. கொடையின் விலை என்ன என்பதைக் கேட்டவர் சிலரே.

நீரில் கரையும் கார்பன் டை ஆக்சைடு கார்பானிக் அமிலமாக மாறுகிறது. சோடா பாட்டிலில் நிகழும் அதே வினைதான். அந்த அமிலம் ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடுகிறது. அவை கடல்நீரில் உள்ள கார்பனேட் அயனிகளைப் பற்றிக்கொண்டு அவற்றைப் பயன்படாத வடிவத்திற்கு மாற்றிவிடுகின்றன. இந்தக் கார்பனேட்டையும் கால்சியத்தையும் சேர்த்தே கடல்வாழ் உயிர்கள் சுண்ணாம்பைப் படைக்கின்றன. சிப்பியின் ஓடு, மட்டியின் ஓடு, சங்கு, பவளப்பாறை, கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற மிதவை உயிரிகளின் கவசம் ஆகிய எல்லாமே சுண்ணாம்பால் ஆனவை. வீடு கட்டுவோரின் செங்கல்லை ஒருவன் இரவோடிரவாகத் திருடிச் செல்வதைப் போல, வளிமண்டலத்திலிருந்து வரும் அமிலம் இவ்வுயிர்களின் கட்டுமானப் பொருளைப் பறித்துச் செல்கிறது. பறிப்பு எல்லை மீறும்போது, கட்டி முடித்த ஓடும் கரையத் தொடங்குகிறது.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. கடல் மேற்பரப்பு நீரின் பி.எச். அளவு 8.2 என்பதிலிருந்து 8.1 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. 0.1 என்பது கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் பி.எச். என்பது பத்தின் மடங்குகளில் அமைந்த அளவுகோல். இந்தச் சிறிய இறக்கத்தின் பொருள், கடல்நீரில் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்துவிட்டது என்பதாகும்.

எண்ணெய் நிறுவனங்களின் ஊதுகுழல்கள் இங்கே ஒரு தந்திரத்தைக் கையாளுகின்றன. 7க்கு மேல் இருப்பது காரம். கடல் இன்றும் 8க்கு மேல்தான் இருக்கிறது. பிறகு அமிலம் என்று அலறுவது ஏன் என்று அவை கேட்கின்றன. மனித இரத்தத்தின் பி.எச். அளவும் 7.4 அளவில், காரப் பக்கமே இருக்கிறது. அது 7.2க்கு இறங்கினாலும் காரம்தான். ஆனால் அந்த நிலையில் கிடத்தப்பட்டிருக்கும் நோயாளியைப் பார்த்து, இரத்தம் இன்னும் அமிலமாகவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். உயிர்கள் தம் பழகிய எல்லைக்குள்தான் வாழ்கின்றன. எல்லை நகரும்போது அவை நோயுறுகின்றன.

இந்தியப் பெருங்கடல் இதற்கு விதிவிலக்கன்று. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் அறிவியலாளர் ராக்ஸி மேத்யூ கோல் தலைமையில் 2024ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, உமிழ்வுகள் கட்டுப்படுத்தப்படாவிடில் இந்நூற்றாண்டின் இறுதிக்குள் இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு பி.எச். அளவு 8.1க்கு மேலிருந்து 7.7க்குக் கீழே சரியும் என மதிப்பிட்டுள்ளது. 2025 செப்டம்பரில் ஜெர்மனியின் போட்ஸ்டாம் காலநிலைத் தாக்க ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, புவியின் உயிர்வாழ்வுக்கு அடிப்படையான ஒன்பது எல்லைகளில் ஏழு மீறப்பட்டுவிட்டதாக அறிவித்தது. ஏழாவதாக மீறப்பட்ட எல்லை, கடல் அமிலமாதல்.

முதலில் மடிவது குஞ்சுகள்

அமிலத்தின் முதல் அடி வளர்ந்த உயிர்களின் மீது விழுவதில்லை. பிறந்து சில நாட்களே ஆன இளவுயிர்களின் மீது விழுகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த சிப்பிக்குஞ்சு தன் முதல் ஓட்டைச் சில நாட்களுக்குள் கட்டி முடிக்க வேண்டும். அதற்குரிய ஆற்றலைத் தாய் முட்டையில் வைத்த சிறு சேமிப்பிலிருந்தே எடுக்கிறது. நீரில் கார்பனேட் குறைந்தால் அதே ஓட்டுக்கு அது கூடுதல் ஆற்றலைச் செலவிட நேர்கிறது. சேமிப்பு தீர்ந்ததும் குஞ்சு மடிகிறது.

இது எதிர்காலத்திற்கான எச்சரிக்கை மட்டுமன்று. ஏற்கெனவே நிகழ்ந்த ஒன்று. 2007, 2008ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் சிப்பிக்குஞ்சுப் பொரிப்பகங்களில் குஞ்சுகள் பெருமளவில் மடிந்தன. நோய்க்கிருமியே காரணம் என்று முதலில் ஐயுற்றனர். ஆழ்கடலிலிருந்து மேலெழுந்து கரையை நோக்கி வந்த, கார்பன் டை ஆக்சைடு மிகுந்த நீரே குஞ்சுகளைக் கொன்றது எனப் பின்னர் ஆய்வுகள் நிறுவின. பொரிப்பகங்கள் தப்பிப்பதற்கு வழி கண்டுபிடித்தன. நீரின் தன்மையை ஓயாமல் அளக்கும் கருவிகளைப் பொருத்தின. தொட்டிக்கு வரும் நீரில் சலவைச் சோடாவைக் கலந்து அமிலத்தைச் சமன்செய்தன.

தொட்டியை வைத்திருப்பவரால் அதில் சோடா கலக்க முடியும். அரபிக்கடலை நம்பி வாழ்பவர் எதைக் கலப்பார்? தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் கேரளக் கரையோரத்திலும் ஆழத்து நீர் மேலெழுகிறது. மத்தி மீன்வளத்துக்கு உணவூட்டும் அந்த நீரே, பிராணவாயு குறைந்ததும் கார்பன் டை ஆக்சைடு மிகுந்ததும் ஆகும். கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் மட்டி அள்ளும் தொழில், நீடித்த மீன்பிடிப்புக்கான பன்னாட்டுச் சான்றிதழை 2014ஆம் ஆண்டு இந்தியாவிலேயே முதன்முதலாகப் பெற்றது. குஞ்சு மட்டியைப் பிடிப்பதில்லை, இனப்பெருக்கக் காலத்தில் காயலில் இறங்குவதில்லை என்ற கட்டுப்பாடுகளைத் தொழிலாளர்களே ஏற்று நடந்ததால் கிடைத்த சான்று அது. காசர்கோட்டில் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் கல்லுமேக்காய் வளர்த்துக் குடும்பம் நடத்துகின்றன. இவர்கள் யாரும் கடலில் அமிலத்தைக் கொட்டியவர்கள் அல்லர். அமிலம் வந்து சேரும்போது தப்பிக்கும் கருவி எதுவும் இவர்களிடம் இல்லை.

சிப்பியோடும் மட்டியோடும் இது நிற்பதில்லை. கடல் வண்ணத்துப்பூச்சிகள் எனப்படும் நுண் நத்தைகள் தென்துருவக் கடலில் ஓடு அரிக்கப்பட்ட நிலையில் காணப்பட்டதை 2012ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். அவை எண்ணற்ற மீன்களின் இரை. கடற்பரப்பில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் அமைந்துள்ள பவளப்பாறைகள், கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ கால் பங்குக்குத் தங்கள் வாழ்வின் ஏதேனும் ஒரு கட்டத்தில் இடமளிக்கின்றன. கடல் வெப்பம் பவளத்தை வெளிறச் செய்து கொல்கிறது. அமிலம் அது மீண்டும் கட்டியெழுவதைத் தடுக்கிறது. ஒன்று வீட்டை இடிக்கிறது. மற்றொன்று திரும்பக் கட்டவிடாமல் செய்கிறது.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் கடலோர மாநிலங்களில் ஏறத்தாழ 38 லட்சம் கடல்சார் மீனவ மக்கள் வாழ்கின்றனர். அவர்களின் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளது. வேதியியல் மாற்றத்தின் இறுதிச் சுமை இந்த வீடுகளின் அடுப்பில்தான் வந்து இறங்கும்.

யார் கொட்டிய அமிலம்?

மனிதகுலம் முழுவதும் குற்றவாளி என்பது முதலாளித்துவ ஊடகங்களின் விருப்பமான பல்லவி. எல்லோரும் குற்றவாளி என்றால் எவரும் குற்றவாளி இல்லை என்றாகிவிடும். ஆனால் கணக்கு வேறு கதையைச் சொல்கிறது. 1880 முதல் 2015 வரை நிகழ்ந்த கடல் அமிலமாதலை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, அதில் ஏறத்தாழ 55 விழுக்காட்டுக்கு, உலகின் 88 மிகப்பெரிய நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்ட் உற்பத்தி நிறுவனங்களின் பொருள்களிலிருந்து வந்த உமிழ்வே காரணம் எனக் கண்டறிந்தது. எண்பத்தெட்டு நிறுவனங்கள். ஒரு ரயில் பெட்டியில் அவற்றின் தலைவர்கள் அனைவரையும் அமர வைத்துவிடலாம்.

அறியாமல் செய்தார்களா? எக்ஸான் நிறுவனம் 1979ஆம் ஆண்டு தன் மாபெரும் எண்ணெய்க் கப்பல்களில் ஒன்றான எஸ்ஸோ அட்லாண்டிக்கில் கருவிகளைப் பொருத்தி, அக்கப்பல் செல்லும் வழியெங்கும் காற்றிலும் கடல்நீரிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்தது. 1982 வரை அந்த ஆய்வு நடந்தது. கடல் எவ்வளவு வாயுவை விழுங்குகிறது என்பதை அறியும் ஆர்வம் அந்நிறுவனத்துக்கு அன்றே இருந்தது. தன்னுடைய அறிவியலாளர்கள் வழங்கிய வெப்பமாதல் கணிப்புகளும் அதன் கையில் இருந்தன. பிறகு ஆய்வு நிறுத்தப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில், காலநிலை அறிவியல் ஐயத்துக்குரியது என்று மக்களை நம்பவைக்கும் பிரச்சாரத்துக்கு அதே நிறுவனம் பணம் செலவிட்டது. அளந்து பார்த்து, ஆபத்தை அறிந்து, மறைத்து, விற்பனையைத் தொடர்ந்ததற்குப் பெயர் அறியாமை அன்று.

நாடுகளின் கணக்கும் இதையே காட்டுகிறது. தொழிற்புரட்சிக் காலம் முதல் எரிபொருள்களால் வெளியேறிய கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்கா என்ற ஒரே நாட்டினுடையது. உலக மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் கொண்ட இந்தியாவின் பங்கு நூற்றுக்கு நான்கு கூட இல்லை. அந்த அமெரிக்காவின் ஜனாதிபதி டிரம்ப், 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற நாளிலேயே பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகும் ஆணையில் கையெழுத்திட்டார். 2025 நவம்பரில் பிரேசிலின் பெலேம் நகரில் கூடிய காலநிலை மாநாட்டின் இறுதி ஆவணத்தில், புதைபடிவ எரிபொருள்களைக் கைவிடுவதற்கான திட்டம் இடம்பெறவே இல்லை.

மண்ணிலிருந்து எடுத்த சத்தை மண்ணுக்குத் திருப்பித் தராத முதலாளித்துவ வேளாண்மையை ஆராய்ந்த மார்க்ஸ், மனிதருக்கும் இயற்கைக்கும் இடையிலான பொருள் பரிமாற்றத்தில் விழும் விரிசலை ‘மூலதனம்’ நூலில் சுட்டிக்காட்டினார். அன்று வயலில் கண்ட விரிசல் இன்று கடல் முழுதும் பரவியிருக்கிறது. லாபம் தனியாருக்கு, கழிவு பொதுவான கடலுக்கு. ஆலை முதலாளி கழிவுநீரை ஆற்றில் விடும்போது குழாய் கண்ணுக்குத் தெரிகிறது. கடலுக்குள் அமிலம் செல்லும் குழாய் வானத்தில் இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. அவ்வளவே வேறுபாடு.

சுண்ணாம்பின் நச்சு வட்டம்

இந்தப் பின்னணியில்தான் குஜராத்தின் சேற்றுக்குத் திரும்ப வேண்டும். குஜராத், மகாராஷ்டிரக் கடல் எல்லைகளில் ஏறத்தாழ 15,400 கோடி டன் சுண்ணாம்புச் சேறு இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை மதிப்பிட்டுள்ளது. சிமெண்ட் நிறுவனங்களின் வாயில் நீர் ஊறச் செய்யும் அளவு. நிலத்தின் சுண்ணாம்புக்கல் குறையக் குறைய, அடுத்த சுரங்கமாகக் கடலடி அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

சுண்ணாம்பு என்பது கார்பன் டை ஆக்சைடைக் கல்லாக்கிப் பூட்டி வைத்திருக்கும் பெட்டகம். 100 கிலோ தூய சுண்ணாம்பைச் சூளையில் இட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. சூளைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை தனி. உலகின் மொத்த கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலிலிருந்து வருகிறது. கடல் நெடுங்காலமாகப் பூட்டிவைத்ததைத் தோண்டி எடுத்து, சூளையில் சுட்டு, வாயுவை வானுக்கு அனுப்பினால், அதில் கால் பங்கு அமிலமாகக் கடலுக்கே திரும்பும். எஞ்சியுள்ள சுண்ணாம்பையும் அரிக்கும். கடலடியில் படியும் சுண்ணாம்போ, பல்லாயிரம் ஆண்டுக் கணக்கில் இந்த அமிலத்தைச் சமன்செய்யவல்ல இயற்கையின் இருப்பு. நோயைப் பெருக்கி மருந்தையும் விற்கும் வியாபாரம் இது.

குஜராத்தின் சேற்றைத் தொடாமல் விட்டால் மட்டுமே உலகக் கடல்கள் பிழைத்துவிடும் என்று யாரும் கூறவில்லை. வீடுகளும் பள்ளிகளும் பாலங்களும் கட்ட சிமெண்ட் வேண்டும் என்பதையும் யாரும் மறுக்கவில்லை. எவ்வளவு, எதற்காக, யாருடைய முடிவின்படி என்பதே கேள்வி. ஏழைகளின் குடியிருப்புக்கும் பெருநகரங்களில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் சொகுசு அடுக்குமாடிகளுக்கும் ஒரே சூளையிலிருந்துதான் சிமெண்ட் வருகிறது. முடிவெடுப்பது தேவையா, லாபமா என்பதைப் பொறுத்தே கடலின் கதியும் அமையும்.

இந்த வியாபாரத்துக்கு வழி திறந்தது, 2023 ஆகஸ்டில் மணிப்பூர் கொடுமைக்கு எதிராக எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்தில் குரலெழுப்பிக்கொண்டிருந்த வேளையில் நிறைவேற்றப்பட்ட கடல்சார் பகுதிக் கனிமச் சட்டத் திருத்தம். அது ஏலத்தின் மூலம் தனியாருக்குக் கடலடியை 50 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விட வகைசெய்கிறது. வருவாய் ஒன்றிய அரசுக்கு. சேதம் கடலோர மாநிலங்களுக்கு. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பது பழமொழி. இந்த ஆட்சியில் மீனவருக்குச் சுண்ணாம்பும் மிஞ்சவில்லை. அதுவும் கார்ப்பரேட்டுகளுக்கே போய்விட்டது.

தீவுகளில் நடப்பது

லட்சத்தீவு, இந்தியாவில் முழுவதும் பவளத்தால் ஆன ஒரே தீவுக்கூட்டம். 36 தீவுகளும் சேர்ந்து வெறும் 32 சதுர கிலோமீட்டர் நிலம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 64,473 மக்கள். அந்த மண்ணே பவளத்தின் சுண்ணாம்புப் பொடி. சீறிவரும் அலையைத் தடுத்து நிறுத்துவது பவளப்பாறை. வாழ்வாதாரமான சூரை மீன்பிடிப்பும் அதைச் சார்ந்ததே. லகூனின் பவளங்களுக்கிடையே வாழும் சிறு மீன்களை உயிருடன் பிடித்து இரையாக வீசி, கழித்தூண்டிலால் சூரையை ஒவ்வொன்றாகத் தூக்கும் முறை அது. கடலைச் சுரண்டாத மீன்பிடிப்புக்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. பிடித்த சூரையை அவித்து, புகையூட்டி, உலர்த்திச் செய்யும் மாசிக் கருவாடே தீவின் சிறப்புப் பண்டம்.

அகத்தி, கத்மத், கவரத்தி தீவுகளின் பவளப்பாறைகளை 1998 முதல் 24 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டதாகக் கூறுகிறது. 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளின் கடல் வெப்ப அலைகள் அடுத்தடுத்து அடித்தன. 2024ல் மீண்டும் பெரும் வெளிறல் நேர்ந்தது. ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையில் பவளம் மீண்டெழ வேண்டும். அமிலமாகும் நீர் அந்த மீட்சியைத்தான் மெதுவாக்குகிறது.

இத்தகைய தீவுகளுக்கு ஒன்றிய அரசு கொண்டுவந்த மருந்து என்ன? 2021ல் தீவின் நிர்வாகி பிரபுல் படேலின் கீழ், கரையோரத்தில் மீனவர்கள் வலையும் கருவியும் வைத்திருந்த கொட்டகைகள் இடிக்கப்பட்டன. எந்த நிலத்தையும் வளர்ச்சியின் பெயரால் கையகப்படுத்த அதிகாரம் தரும் வரைவு ஒழுங்குமுறை வெளியிடப்பட்டது. தீவு மக்கள் திரண்டெழுந்தனர். கேரளச் சட்டமன்றம் அந்த நிர்வாகியைத் திரும்பப் பெறக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2023 ஜனவரியில் சுஹேலி, கத்மத் தீவுகளில் நீரின் மீதே நிற்கும் குடில்களையும் கொண்ட இரண்டு சொகுசு விடுதிகளை டாடா குழுமத்தின் விடுதி நிறுவனம் அறிவித்தது. மீனவரின் கொட்டகை கரையில் நிற்கக் கூடாது. செல்வந்தரின் குடில் லகூனுக்குள்ளேயே நிற்கலாம்.

கிரேட் நிக்கோபாரில் நடப்பது இன்னும் கொடியது. ஷோம்பென் பழங்குடியினரும் நிக்கோபார் மக்களும் வாழும் தீவில், 72,000 கோடி ரூபாய் மதிப்பில் அறிவிக்கப்பட்ட திட்டத்துக்காக 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு கைமாற்றப்படுகிறது. கலத்தேயா விரிகுடாவில் துறைமுகம் எழுப்ப அங்குள்ள பவளக் குடியிருப்புகளில் 16,150ஐப் பெயர்த்து வேறிடத்தில் நடுவார்களாம். பவளம் தொட்டிச் செடி அன்று. பெயர்த்து நடப்படும் பவளமும் அதே சூடேறும், அதே அமிலமாகும் கடலில்தான் பிழைக்க வேண்டும். ஆண்டாண்டு காலமாக அது தன்னைத்தானே கட்டிக்கொண்ட இடத்தை இடித்துவிட்டு, அமிலம் ஏறும் நீரில் புதிதாகக் கட்டிக்கொள் என்று கட்டளையிடுவதற்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பொய்த் தீர்வுகளின் சந்தை

மூலதனம் தான் உண்டாக்கிய நெருக்கடியையும் சந்தையாக்கும். சூரிய ஒளியைத் திருப்பியனுப்ப வானில் துகள்களைத் தூவலாம் என்ற திட்டம் மேலைநாடுகளில் பேசப்படுகிறது. அது வெப்பத்தை ஓரளவு தணித்தாலும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு குறையாது. கடல் தொடர்ந்து அமிலமாகும். கடலில் காரப் பொடியைக் கொட்டி அமிலத்தை முறிக்கலாம் என்று சொல்லி அதற்குக் கார்பன் பத்திரம் விற்கும் தொழிலும் தொடங்கிவிட்டது. ஆண்டுக்கு 1,000 கோடி டன் வாயுவுக்கு ஈடுகட்ட அதே அளவிலான பாறையைத் தோண்டி, அரைத்து, கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்ட வேண்டும். ஒரு சுரங்கத் தொழிலின் குற்றத்தை மறைக்க மற்றொரு சுரங்கத் தொழில்.

கடல் அமிலமாதலுக்கு ஒரே தீர்வுதான் உண்டு. கார்பன் டை ஆக்சைடு உமிழ்வை வேகமாகக் குறைக்க வேண்டும். வளர்ந்த நாடுகள் முதலிலும் மிகுதியாகவும் குறைக்க வேண்டும். வளரும் நாடுகளின் மாற்றத்துக்குரிய தொழில்நுட்பத்தையும் நிதியையும் வழங்க வேண்டும். மோடி அரசு உலக மேடைகளில் காலநிலை நீதி பற்றி உரக்கப் பேசுகிறது. அந்தக் கோரிக்கை நியாயமானது. இந்திய மக்களுக்கு உரியது. ஆனால் ஏழை இந்தியரின் குறைந்த உமிழ்வை வெளியில் கேடயமாகக் காட்டிவிட்டு, உள்நாட்டில் அதே ஏழையின் கடலையும் காட்டையும் ஏலம் விடுவது நீதியாகாது. 2020ல் நிலக்கரிச் சுரங்கங்கள் வணிக விற்பனைக்காகத் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டன. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் தளர்த்தப்பட்டு, மக்கள் நெருக்கமுள்ள ஊரகக் கடலோரங்களில் 200 மீட்டராக இருந்த கட்டுமானத் தடைப்பகுதி 50 மீட்டராகச் சுருக்கப்பட்டது. கடல் அமிலமாதலின் தாக்கத்தைக் குறைப்பது 2015ல் ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. அதே அரசு அதற்கு நேர் எதிரான திசையில் நடைபோடுகிறது.

கொல்லம் காட்டும் வழி

2025 பிப்ரவரி 27 அன்று கேரளக் கடலோரம் அசையவில்லை. கடல் மணல் ஏலத்தை எதிர்த்து மீனவர் அமைப்புகள் இணைந்து விடுத்த வேலைநிறுத்த அழைப்பை ஏற்று படகுகள் கரையில் நின்றன. மீன் இறங்குதளங்கள் வெறிச்சோடின. விசைப்படகுத் தொழிலாளரும் நாட்டுப்படகு மீனவரும் தம்முடைய பழைய பூசல்களை ஒதுக்கிவைத்து ஒரே முழக்கத்தின் கீழ் நின்றனர். மார்ச் 4 அன்று கேரளச் சட்டமன்றம் கடல் மணல் அகழ்வுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. இவ்வளவு எதிர்ப்புக்குப் பின்னும் 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அப்படியே நிற்கிறது. அது நிற்கும்வரை ஒரு பகுதி தப்பினாலும் மற்றொரு பகுதி ஏலத்துக்கு வரும்.

ஆகவே போராட்டம் கொல்லத்தோடு நின்றுவிடக் கூடாது. கொல்லத்தின் மணலையும் போர்பந்தரின் சேற்றையும் நிக்கோபாரின் பவளத்தையும் ஒரே கொள்ளையின் மூன்று முகங்களாகக் காண வேண்டியுள்ளது. கடல்சார் பகுதிக் கனிமச் சட்டத் திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும். கிரேட் நிக்கோபார் திட்டம் கைவிடப்பட வேண்டும். லட்சத்தீவின் லகூன்கள் சொகுசு விடுதிகளுக்குக் கொடுக்கப்படாமல் தீவு மீனவர்களின் உரிமையில் நிலைக்க வேண்டும். கடல்நீரின் அமிலத்தன்மையைக் கரையோரம் முழுவதும் தொடர்ந்து அளக்கும் அரசு நிலையங்கள் அமைக்கப்பட்டு, அவற்றின் முடிவுகள் மீனவரின் மொழியில் மீனவரிடமே சேர்க்கப்பட வேண்டும். வருமானம் இழக்கும் மட்டித் தொழிலாளருக்கும் மீனவருக்கும், மீன் பதப்படுத்தும் கூடங்களின் பெண் தொழிலாளருக்கும் இழப்பீடு சட்டபூர்வ உரிமையாக்கப்பட வேண்டும். நிலக்கரியிலிருந்து மாறும் பாதையில் சுரங்கத் தொழிலாளரின் வேலையும் ஊதியமும் பொதுத்துறையின் பொறுப்பில் உறுதிசெய்யப்பட வேண்டும். கடலையும் நிலக்கரித் தொழிலாளரையும் எதிரெதிராக நிறுத்துவது முதலாளிகளின் சூழ்ச்சி. இருவரையும் சுரண்டுவது ஒரே கை.

கரைந்துகொண்டிருக்கும் சிப்பி குரலெழுப்பாது. அதற்காகக் குரலெழுப்பக்கூடியவர்கள், அதை நம்பி வாழும் உழைக்கும் மக்களே. அஷ்டமுடியின் மட்டித் தொழிலாளர்கள் குஞ்சு மட்டியைத் திரும்பக் காயலிலேயே விட்டுவிடும் கட்டுப்பாட்டைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டவர்கள். நாளைய தலைமுறைக்கும் கடல் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவின் கையில் கடல் இருக்க வேண்டுமா, ஏலதாரரின் கையில் இருக்க வேண்டுமா என்பதை இனி கடலோரத்தின் போராட்டங்களே தீர்மானிக்கும்.